சீசெட் 75: மகசின் தானாக விழ ஆரம்பித்த பிறகு இரண்டு வருடம்

போன ஞாயிற்றுக்கிழமை போட்டி முடிந்து சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது கிளப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணா, உங்களிட்டயும் அதே சீசெட் 75 பிஸ்டல்தானே. உங்கட மகசின் மட்டும் எப்படிப் பட்டனைத் தட்டினதும் விழுது? எனக்கு அரைவாசியில நிக்குது." வெயில் அதிகம், பசியும் அதிகம். "எழுதி அனுப்புறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதுதான் இது.

முதலில் ஒன்று. கொழும்பில் மகசின் என்றால் பாதிப் பேருக்குப் பொரளையில் இருக்கும் மகசின் சிறைச்சாலைதான் ஞாபகம் வரும். "மகசினை எடுக்கவே முடியல" என்று நான் போனில் யாரிடமோ புலம்பியதை வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி கேட்டுவிட்டு, உள்ளே இருப்பது எந்தச் சொந்தக்காரர் என்று அம்மாவிடம் விசாரித்தார். நான் சொல்வது பிஸ்டலின் கைப்பிடிக்குள் செருகும், தோட்டா நிரப்பும் பெட்டியை.

சீசெட் 75 பி எப்படிப்பட்ட பிஸ்டல் என்று இங்கே விளக்கப்போவதில்லை. ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறது. முழு இரும்பு, கிட்டத்தட்ட ஒரு கிலோ. கையில் உட்காரும் விதம் அவ்வளவு அழகு. இதைச் செக்கோஸ்லோவாக்கியாவில் வடிவமைத்த கௌட்ஸ்கி சகோதரர்களுக்கு நம் உள்ளங்கையின் அளவு எப்படித் தெரிந்தது என்று இன்னமும் யோசிப்பதுண்டு. சுடும்போது எகிறுவதும் குறைவு. குறி தப்பினால் அது என் தப்பு. முதல் நான்கு வருடத்தில் தோட்டா சிக்கியதை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஆனால் அந்த மகசின்! முதல் நான்கு வருடமும் என் இரத்த அழுத்தத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

நடப்பது இதுதான். தோட்டா தீர்ந்து, பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைட் பின்னால் போய் நிற்கும். கட்டைவிரலால் பட்டனை அழுத்துவீர்கள். வெறும் மகசின் "டக்" என்று ஒரு விரல்கடை அளவு இறங்கி, அங்கேயே நின்றுவிடும். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு வாசற்படியில் நிற்கும் சித்தப்பா மாதிரி, உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. பிறகு இடக்கையால் அதன் அடியைக் கிள்ளி இழுக்க வேண்டும். இழுத்ததை எங்கேயாவது போட்டுவிட்டு அதே கை பெல்ட்டுக்குப் போய் அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு வேலைக்கு இரண்டு பயணம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் விரல் வேறு வழுக்கும். தோட்டா நிரம்பிய மகசின் என்றால் சில நேரம் விழும். 15 தோட்டா என்றால் 180 கிராம் வரை வரும், அந்தப் பாரமே இழுத்துவிடும். ஆனால் போட்டியில் நாம் கழற்றுவது பெரும்பாலும் வெறும் பெட்டியைத்தானே.

ஒன்றிரண்டு விநாடிக்கு இவ்வளவு புலம்பலா என்று கேட்பவர்கள் நாங்கள் போட்டியிடும் பிரக்டிகல் சூட்டிங், அதாவது நேரம் கணக்கிட்டுச் சுடும் போட்டியின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். எடுத்த புள்ளிகளை விநாடிகளால் வகுப்பார்கள். நான் சுடும் புரொடக்‌ஷன் பிரிவில் மகசினுக்கு 15 தோட்டாதான். போட்டியின் நீளமான சுற்றொன்றில் 32 சூடு வரை வரும், ஆகவே குறைந்தது இரண்டு தடவை மாற்றியே தீர வேண்டும். 160க்கு 140 புள்ளியை 28 விநாடியில் எடுத்தால் 5. மாற்றும்போது ஒவ்வொரு முறையும் ஒன்றரை விநாடி மிச்சம் பிடித்து 25 விநாடியில் முடித்தால் 5.6. அதே சூடு, அதே குறி. நான் தோற்ற சில போட்டிகளில் என்னைத் தோற்கடித்தவர் எதிராளி இல்லை, அந்தச் சித்தப்பாதான்.

முதலில் மகசின் மேல்தான் பழியைப் போட்டேன். கழுவினேன், துடைத்தேன், சிலிக்கன் ஸ்ப்ரே அடித்தேன். ஸ்ப்ரேயில் தூசி ஒட்டி இன்னும் மோசமானது. பிறகு கிளப்பில் ஒரு மூத்தவர் பிஸ்டலை வாங்கி, வெறுமையா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, மகசின் போகும் குழிக்குள் டோர்ச் அடித்துக் காட்டினார். பின்பக்கச் சுவரோடு ஒரு மெல்லிய எஃகுத் தகடு. நடுவில் கொஞ்சம் தொப்பை போட்டு முன்னால் வளைந்திருக்கிறது. மகசினின் முதுகை அழுத்திப் பிடிப்பது அதுதான். பழுது இல்லையாம், வேண்டுமென்றே அப்படிச் செய்ததாம். மகசின் பிரேக் என்று பெயர். இந்த 75 மொடலில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. படைவீரன் வெறும் மகசினைச் சேற்றில் போட்டுவிட்டு வராமல், கையால் எடுத்துப் பைக்குள் போட வேண்டும் என்ற நினைப்பு. நான்கு வருடம் என்னை வதைத்தது 'வசதி' என்று தெரிந்தபோது வந்த எரிச்சலை எழுதினால் நன்றாக இருக்காது.

தம்பி, இதை வீட்டு மேசையில் வைத்து நீங்களாகச் செய்யப் போகாதீர்கள். அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் ஊசியேதான் ஹாமர் ஸ்பிரிங்கின் (சுடும் சுத்தியலைத் தள்ளும் ஸ்பிரிங்) அடிமூடியையும் பிடித்திருக்கிறது. கழற்றினால் ஸ்பிரிங் பாயும். அதோடு, இந்த நாட்டில் துப்பாக்கி திருத்துவதற்கும் லைசன்ஸ் வேண்டும். நான் நீர்கொழும்பு வீதிப் பக்கம் லைசன்ஸ் உள்ள ஒரு துப்பாக்கி திருத்தும் பாஸிடம் (கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்போம்), என் லைசன்ஸையும் எடுத்துக்கொண்டு போனேன். வழியில் ஒரு நினைப்பு வந்தது. யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்ற அதே ஆள், இன்று பூட்டிய பெட்டியில் பிஸ்டலோடு அதே வீதியால் போகிறேன். சரி, அது வேறு கதை.

"இதைக் கழற்றி எறிந்துவிடலாமே" என்றேன். பாஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். கழற்றிக் காட்டினார். தகட்டுக்குப் பின்னால்தான் ஸ்பிரிங் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் சுவராக நிற்பதும் இதே தகடுதான். "எறிந்தால் பிறகு வேறு பிரச்சினையோடு வருவீர்கள், மஹத்தயா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, தகட்டை வைஸில் இரண்டு பித்தளைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக நிமிர்த்தினார். போட்டுப் பார்த்தார். மகசின் முக்கால்வாசி வந்து நின்றது. திரும்பக் கழற்றி, இன்னும் ஒரு மயிரிழை. மூன்றாவது தடவை மேசையில் மடித்துப் போட்டிருந்த பழைய துவாயின் மேல் மகசின் "தொப்" என்று விழுந்தது. நான் சின்னப்பிள்ளை மாதிரி இன்னும் பத்துத் தடவை போட்டு விழுத்திப் பார்த்தேன். பாஸ் அதற்குள் தேநீர் குடித்து முடித்துவிட்டார். போட்டிக்கென்றே தொழிற்சாலை செய்யும் பிந்திய மொடல்களில் தகடு நேராகவே வருகிறதாம். அப்படியானால் எனக்கு ஏன் தொப்பையோடு விற்றார்கள் என்று கேட்க ஆளில்லை.

அந்த முதல் போட்டி நாளை மறக்க மாட்டேன். பெருவிரல் அழுத்தும்போதே இடக்கை பெல்ட்டில் இருக்கும். பழையது காற்றில் இருக்கும்போதே புதியது உள்ளே போய்விடும். பிஸ்டல் முகத்துக்கு முன்னாலிருந்து இறங்கவே தேவையில்லை. நான்கு வருடம் வேறு ஒருவருடைய பிஸ்டலைச் சுட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

ஆனால் விழுந்த மகசின் எங்கே விழுகிறது என்று நான் யோசித்ததா? இல்லை. என்னிடம் இருப்பது மூன்றே மூன்று. 32 சூட்டுச் சுற்றுக்கு மூன்றும் வேண்டும். எங்கள் ரேஞ்சில் பாதி சரளைக்கல், பாதி கொங்கிரீட், மழை பெய்தால் முழுக்கச் செம்மண் சேறு. ஆறு மாதத்தில் ஒன்றின் அடித்தட்டு விளிம்பு உடைந்தது. இன்னொன்று கொங்கிரீட்டில் தலைகீழாக விழுந்து, தோட்டாவைப் பிடித்திருக்கும் வாய்விளிம்பு ஒரு பக்கம் நெளிந்தது. அதிலிருந்துதான் இப்போது தோட்டா சிக்குகிறது. அதுவரை அரிதாகவே சிக்கிய பிஸ்டல்! கடைக்குப் போய் "இன்னொன்று தாங்க" என்று வாங்கும் சாமானும் இல்லை இது. போட்டி முடிந்தால் மற்றவர்கள் சாப்பாட்டுப் பார்சல் பிரிக்கும்போது நான் சேற்றைக் கிளறிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து மகசினைப் பிரித்து, ஸ்பிரிங்கைக் கழுவி, மனைவியின் ஹெயார் டிரையரால் காய வைப்பேன். இரண்டு தடவை பிடிபட்டேன். மூன்றாவது தடவை அவரே எனக்கென்று ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார், மலிவான நீல நிறம்.

அந்தச் செக் நாட்டு ஆட்கள் சேற்றைப் பற்றிச் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே தம்பி, மகசின் ஐந்தாறு இல்லாவிட்டால் செய்யாதீர்கள். மூன்றை வைத்துக்கொண்டு செய்தவன் சொல்கிறேன். இரண்டு விநாடிக்கு ஆசைப்பட்டு மகசினை இழக்காதீர்கள். பழகினால் இழுத்து எடுப்பதும் அவ்வளவு மோசமில்லை.

இதைத் தம்பிக்குப் போனில் வாசித்துக் காட்டியபோது, "அப்ப நீங்கள் திருப்பி வளைச்சிடுவீங்களோ?" என்று கேட்டார். பாஸ் இரண்டே நிமிடத்தில் வளைத்துத் தருவார். அடுத்த மாதம் போட்டி இருக்கிறது, அதுவும் நீளச் சுற்று. வளைக்க மாட்டேன். ரேஞ்சுக்குக் கொண்டுபோக இரண்டு பழைய கார் மிதியடி எடுத்து வைத்திருக்கிறேன். விழும் இடத்தில் போட விடுவார்களா என்று போட்டி அதிகாரியிடம் இன்னும் கேட்கவில்லை.