ஏ.டி.எஸ் மாட்டி நாலு வருஷம்: வயரிங் இரண்டு நாள், செட்டிங் இரண்டு வருஷம்

கரண்ட் போனதும் அம்மா வாய்க்குள்ளேயே எண்ணத் தொடங்கிவிடுவார். முப்பதைத் தொடுவதற்குள் விளக்கு வந்துவிட வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டரைக் கிளப்பி, வீட்டு லோடைத் தானாக அதற்கு மாற்றிவிடும் சுவிட்ச்தான் ஏ.டி.எஸ். எங்கள் வீட்டு ஏ.டி.எஸ்ஸுக்கு அவர் வைத்திருக்கும் பரீட்சை அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் மாடிப்படிக்கு அடியில் கையால் தள்ளும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருந்தது. இருட்டில் டார்ச்சோடு போய் கைப்பிடியை நடுவில் நிறுத்தி, வெளியே போய் ஜெனரேட்டர் சாவியைத் திருப்பி, சத்தம் சீரானதும் திரும்பி வந்து மறுபக்கம் தள்ள வேண்டும். கைப்பிடி எனக்கே இறுக்கம், அம்மாவால் அசைக்கவே முடியாது. நான் வீட்டில் இல்லாத நாளில் 15 கே.வி.ஏ டீசல் ஜெனரேட்டர் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கயிறு இழுத்து, கையால் சோக் போட்டு ஓட்டும் சின்ன ஜெனரேட்டருக்கு இதெல்லாம் ஒத்துவராது. செல்ஃப் மோட்டார் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் இரண்டு வயர் சிக்னலுக்கு இன்ஜின் தானாகக் கிளம்பி, தானாக நிற்க வேண்டும்.

ஏ.டி.எஸ்ஸில் இரண்டு காண்டாக்டரை (காயிலின் காந்தத்தால் இழுத்துப் பிடிக்கும் சுவிட்சை) ஒன்றோடொன்று பூட்டிச் செய்யும் வகை ஒன்று, மோட்டார் வைத்துத் திருப்பும் வகை ஒன்று. நான் மோட்டார் வகையை எடுத்தேன். காண்டாக்டர் பிடித்திருக்க அதன் காயிலுக்கு எந்நேரமும் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வோல்டேஜ் தாழ்ந்தால் கடகடவென்று அடித்துக்கொள்ளும். மோட்டார் வகை திரும்ப ஓரிரு வினாடி கூடுதலாகலாம். ஆனால் எப்போது கிளம்ப வேண்டும், எப்போது மாற வேண்டும் என்று தீர்மானிக்கும் கண்ட்ரோலர் செத்துப்போனாலும் கையால் திருப்ப ஒரு லீவர் இருக்கிறது. இதுவரை ஒரே ஒரு தடவைதான் அந்த லீவரைத் தொட்டேன். அந்த ஒரு தடவைக்கே போட்ட காசு தகும்.

அளவு விஷயத்தில் பலர் தடுக்கி விழுவது ஜெனரேட்டரைப் பார்த்து சுவிட்ச் வாங்குவதில். 15 கே.வி.ஏ மூன்று பேஸில் முழு லோடுக்கு பேஸுக்கு 21 ஆம்பியர்தான். ஆனால் மெயின்ஸ் பக்கம், அதாவது தெருவிலிருந்து வரும் கரண்டில், வீட்டு லோடு முழுவதும் இதே சுவிட்ச் வழியாகத்தான் ஓடும், வருஷத்தில் பெரும்பாலான நாள் அப்படித்தான் ஓடும். அதனால் 63 ஆம்பியர், நாலு போல்: மூன்று பேஸோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும். வயர்மேன் மூன்று போலே போதும் என்றார். ஜெனரேட்டரின் நியூட்ரலுக்குத் தனியாக எர்த் போட்டிருக்கிறோம். நியூட்ரலைப் பிரிக்காமல் விட்டால் திரும்பும் கரண்ட் இரண்டு வழியாகவும் ஓடும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி காரணமில்லாமல் விழும் என்று வாதாடி நாலு போலே வாங்கினேன். ஜெனரேட்டர் கரண்ட் தெருக் கம்பிக்கு ஏறாமல் தடுப்பது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேர விடாமல் உள்ளே இருக்கும் மெக்கானிக்கல் இன்டர்லாக். அது ஏறினால் டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து, செத்த லைன் என்று நம்பிக் கை வைக்கிற லைன்மேன் மேல் பல ஆயிரம் வோல்ட் பாயும். இன்டர்லாக் இல்லாத ஜோடனை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. மூன்றாம் நாள் ஜெனரேட்டரில் போர் மோட்டார் ஓடியது, தொட்டியில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. அரைமணி நேரம் குழாயைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் ஜெனரேட்டர் பக்கம் பேஸ் வரிசை மாறி, மோட்டார் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேஸை மாற்றிப் போட்டதும் சரியானது. லோடு கொடுப்பதற்கு முன்பே பேஸ் வரிசை மீட்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டிய விஷயம்.

செட்டிங்குக்கு வருவோம். கண்ட்ரோலர் வந்தபடியே விட்டால் கரண்ட் கண் சிமிட்டினாலே இன்ஜின் உறுமும். ஒரே சாயங்காலத்தில் ஆறு தடவை கிளம்பி நின்றதைப் பார்த்த பிறகு, கிளம்பும் தாமதத்தை 8 வினாடியாக்கினேன். பாதிச் சிமிட்டல்கள் அதற்குள் அடங்கிவிடும். இன்ஜின் பிடித்ததும் 15 வினாடி சும்மா ஓடிவிட்டு லோடு எடுக்கும். மெயின்ஸ் திரும்பி வந்தால் உடனே மாறாமல் 5 நிமிஷம் நிலைக்கிறதா என்று பார்க்கும். வந்த கரண்ட் இரண்டாம் தடவை போகாமல் இருந்தால்தானே வந்ததாக அர்த்தம்! லோடு மாறிய பிறகும் இன்ஜின் ஆற 3 நிமிஷம்.

வோல்டேஜ் எல்லையில்தான் அதிகம் அலைந்தேன். 207-க்குக் கீழே போனால் கிளம்பு என்று வைத்திருந்தேன். சாயங்காலம் வோல்டேஜ் தொய்யும் நேரமெல்லாம் டீசல் எரிந்தது. இப்போது 195-க்குக் கீழே போனால் கிளம்பும், 210-க்கு மேலே வந்தால்தான் திரும்பும். நடுவில் அந்த இடைவெளி இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடிக்கொண்டே இருக்கும்.

ஃபிரிட்ஜ் கதை வேறு. கரண்ட் போகும்போது அதற்குத் தொல்லை குறைவு, இடையில் கிட்டத்தட்ட அரை நிமிஷம் கிடைக்கிறது. மெயின்ஸுக்குத் திரும்பும்போது இடைவெளி ஓரிரு வினாடிதான். கம்ப்ரஸருக்குள் அழுத்தம் இறங்கியிருக்காது; கிளம்ப முடியாமல் முனகி, அதன் ஓவர்லோடு பாதுகாப்பு சுவிட்ச் விழுந்துவிடும். ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் 3 நிமிஷத் தாமத டைமர் போட்ட பிறகுதான் அந்த முனகல் நின்றது. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ் எப்படியும் வேண்டும், ஏ.டி.எஸ் அதற்கு மாற்று இல்லை.

இரண்டாம் வருஷம் ஒருநாள் ராத்திரி கரண்ட் போனது, ஜெனரேட்டரிலிருந்து டக் டக் சத்தம் மட்டும் வந்தது. கண்ட்ரோலர் மூன்று தடவை முயன்றுவிட்டு அலாரத்தோடு உட்கார்ந்துவிட்டது. பேட்டரி சார்ஜரின் ஃபியூஸ் எப்போதோ போயிருக்கிறது, கவனித்தவர் யாரும் இல்லை. இவ்வளவு செலவும் கடைசியில் ஒரு 12 வோல்ட் பேட்டரியின் தயவில் நிற்கிறது. இப்போது சார்ஜருக்கென்று ஒரு சின்ன விளக்கு, வாசலில் போகும்போது கண்ணில் படும் இடத்தில். வாரச் சோதனையையும் நிறுத்திவிட்டேன். லோடு இல்லாமல் பத்துப் பத்து நிமிஷம் ஓட்டினால் டீசல் இன்ஜின் சூடேறாமல் சைலன்சர் வாயில் கறுப்பாக எண்ணெய் கசிகிறது. மாதம் ஒருமுறை, வீட்டு லோடையே கொடுத்து அரைமணி நேரம்.

சொல்லக் கூச்சமான ஒன்றும் உண்டு. மெக்கானிக் ஆயில் மாற்றக் குனிந்திருந்தபோது கரண்ட் போனது. கண்ட்ரோலரை நான் ஆட்டோவிலேயே விட்டிருந்தேன். எட்டு வினாடி தாமதம் இருந்ததால் கத்தி அவரை விலக்க நேரம் கிடைத்தது. அவர் கை பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது யார் இன்ஜினைத் தொட்டாலும் முதலில் மோடு ஆஃப், அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்து, பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்று. பேனல் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மற்றபடி வருஷத்துக்கு ஒருமுறை எல்லா மின்சாரமும் நிறுத்தி டெர்மினல்களை முடுக்குவது, கேபிள் நுழையும் ஓட்டையில் பல்லி புகாமல் அடைப்பது. கேபிள் நுனியில் மாட்டும் லக் ஒன்று கறுத்திருந்ததை இந்த முடுக்கலில்தான் கண்டுபிடித்தேன்.

போன மாதம் அம்மா போன் செய்தார். "விளக்கு வந்திருச்சுடா, ஆனா நாப்பது வரைக்கும் எண்ணிட்டேன்." எட்டு, இன்ஜின் பிடிக்க மூன்று, பதினைந்து: இருபத்தாறில் வந்திருக்க வேண்டும். முதல் முயற்சி தவறி, பத்து வினாடி ஓய்வுக்குப் பிறகு இரண்டாவதில் பிடித்திருக்கிறது என்று புரிந்தது. போய்ப் பார்த்தேன். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட் காட்டியது; செல்ஃப் அடித்ததும் 8-க்குக் கீழே சரிந்தது. அன்றைக்கே மாற்றிவிட்டேன்.