யெட்டி மைக்கில் இரைச்சலா? முதலில் பின்பக்கக் குமிழைப் பாருங்கள்

புளூ யெட்டி என்ற யூஎஸ்பி மைக்கில் குரல் நன்றாக வரும். கூடவே மின்விசிறி, கீபோர்டு, அடுத்த அறைப் பேச்சு எல்லாமும் வரும். உள்ளே இருப்பவை ஒலியைப் பிடிக்கும் 14 மி.மீ. கண்டென்சர் கேப்சூல்கள் மூன்று. மெல்லிய ஒலியைக்கூட விடாது. செருகியதுமே சுத்தமான ஒலி வேண்டும் என்பவர்கள் சுற்றுச் சத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காத டைனமிக் மைக் பக்கம் போய்விடலாம். அரை மணி நேரம் மெனக்கெடத் தயார் என்றால் யெட்டி தாராளமாக வாங்கலாம்.

பின்பக்கம் இரண்டு குமிழ்கள்: ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதற்குக் கெயின், எந்தப் பக்கத்து ஒலியைப் பிடிப்பது என்பதற்குப் பேட்டர்ன். பேட்டர்ன் இதயக் குறியில் நிற்க வேண்டும். வட்டக் குறிக்குத் திரும்பியிருந்தால் அறையின் நாலு பக்கமும் பதிவாகும். அப்புறம் என்ன செய்தாலும் இரைச்சல் அடங்காது. இன்னொரு தவறு, மைக்கின் உச்சியில் வாயை வைத்துப் பேசுவது. லோகோ இருக்கும் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய மைக் இது. உச்சியில் பேசினால் குரல் மெலியும், கெயினை ஏற்றுவோம், அறையும் சேர்ந்து ஏறிவிடும்.

வாய்க்கும் மைக்குக்கும் இடையே 10 முதல் 15 செ.மீ. போதும். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். மின்விசிறி இருந்த இடத்தில்தான் இருக்கும். கெயினை அடியிலிருந்து ஏற்றிக்கொண்டே வந்து, உரத்த சொல் பதிவு மென்பொருளின் மீட்டரில் -12க்கும் -6 டெசிபலுக்கும் நடுவே தொட்டதும் நிறுத்துங்கள். பேசாதபோது மீட்டர் -60 பக்கம் கிடந்தால் நிம்மதி. -45 என்றால் பக்கத்தில் ஏதோ ஓடுகிறது.

இதெல்லாம் செய்த பிறகும் சத்தம் இருந்தால், கெயினை முழுக்க இறக்கி 10 வினாடி பதிவு செய்யுங்கள். சத்தமும் கூடவே இறங்கினால் அது அறையிலிருந்து வருவது. கெயினை இறக்கியும் அசையாமல் நின்றால் மின்சாரமோ யூஎஸ்பியோதான் காரணம். இந்தச் சோதனையைச் செய்யாமல் சுவரில் ஃபோம் ஒட்டுவதும் கேபிள் மாற்றுவதும் வீண் செலவு.

யூஎஸ்பி சத்தத்தைக் காதாலேயே அடையாளம் காணலாம்: கொசு ரீங்காரம் மாதிரி ஒரே சுருதியில் மெல்லிய கீச்சொலி. யூஎஸ்பி 1 மில்லி வினாடிக்கு ஒரு ஃபிரேம் அனுப்புகிறது, அதாவது வினாடிக்கு 1000. அந்தத் துடிப்பு 5 வோல்ட் மின் தடத்தில் கலந்து மைக்கின் மின்சுற்றுக்குள் புகுந்தால் 1000 ஹெர்ட்ஸ், 2000, 3000 என்று படிப்படியாகக் கேட்கும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தைத் திறந்தால் சம இடைவெளியில் ஊசிகள் நட்டதுபோல் தெரியும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் சார்ஜர் வழியாக வரும் கோளாறு. பேட்டரியில் பதிவு செய்வதுதான் செலவில்லாத வழி. மேசைக் கணினி என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள். ஹப் இருந்தால் கழற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கணினியின் மின் இரைச்சல் மைக்குக்குப் போகாமல் பிரிக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர் உண்டு. ஆனால் யெட்டிக்கு 150 மில்லி ஆம்பியர் வேண்டும். அதைக் கொடுக்குமா என்று பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே பதிவாகிவிட்ட கோப்பு என்றால் 1000, 2000, 3000 மூன்றிலும், அந்தந்தச் சுருதியை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போடலாம். குரல் பெரிதாகக் கெடாது.

விட்டுவிட்டு வரும் படபட ஒலி வேறு நோய். மைக் ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளக்கும் (சாம்பிள் ரேட் 48,000 ஹெர்ட்ஸ்). மென்பொருளும் கணினி அமைப்பும் அதே எண்ணில் இருக்க வேண்டும். யூஎஸ்பி மின் சேமிப்பை அணைத்துவிடுங்கள். மைக்கின் அடியில் இருப்பது பழைய மினி யூஎஸ்பி. பிளக் ஆடினாலும் படபடக்கும்.

கூடவே வரும் ஸ்டாண்ட் கனமானது, சாயாது. ஆனால் மேசையில் தட்டும் ஒவ்வொரு தட்டும் அதன் வழியே ஏறும். அதைவிட மோசம், கீபோர்டு மைக்குக்கும் வாய்க்கும் நடுவே வந்து உட்கார்ந்துவிடும். ஸ்டாண்டைக் கழற்றி, மேசையில் பொருத்தும் மைக் ஆர்மில் மாட்டி, கணினியும் மின்விசிறியும் மைக்கின் முதுகுப் பக்கம் வரும்படி திருப்புங்கள். இதய பேட்டர்னில் முதுகுப் பக்கம்தான் காது மந்தம். பேசும்போது மேசை அதிர்வு மிச்சம் இருந்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம்.

மென்பொருளில் இரைச்சலை நீக்குவது கடைசி வேலை. 6 முதல் 12 டெசிபல் வரை குறைத்தால் போதும். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழையும். எது இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டும் மாதிரியாகப் பதிவின் தொடக்கத்தில் 5 வினாடி மௌனம் விடுங்கள். அந்த நேரம் மியூட் பட்டனைத் தொடவேண்டாம்: அழுத்தும் 'டக்' ஒலியே மாதிரியில் ஏறிவிடும், மியூட்டில் இருந்தாலோ மாதிரியில் ஒன்றுமே இருக்காது. சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால் மைக் கேட்கிறது, மின்னினால் மியூட்.