டேங் மீனுக்கு சூஷி நோரி + மேக்னெட் கிளிப்: யூஸ் பண்ணி பாத்துட்டு எழுதுற ரிவ்யூ

நேரா மேட்டருக்கு வந்துடறேன். பெரிய சூப்பர் மார்க்கெட் எதுலயாச்சும் சோயா சாஸ், கொரியன் நூடுல்ஸ் எல்லாம் அடுக்கி வச்சிருக்கிற ரேக்ல பாருங்க, ஓரமா ஒரு தட்டையான பாக்கெட் இருக்கும், உள்ள 10 ஷீட், மேல சூஷி நோரின்னு போட்டிருக்கும், சூஷி சுத்துறதுக்கு வர்ற காஞ்ச கடல்பாசி ஷீட். எங்க வீட்ல சூஷிய கண்ணால பாத்தவங்க கூட யாரும் இல்ல, ஆனாலும் ரெகுலரா இத வாங்கிட்டு வரேன், கேஷ் கவுன்ட்டர்ல இருக்கிற அக்கா நம்மள பெரிய ஜப்பான் சமையல்காரன்னு நினைச்சிட்டிருப்பாங்க. எல்லாம் ஹால்ல தொட்டியில இருக்கிற ஸ்கோபாஸ் டேங்குக்குத்தான் (டேங்னா tang, பாசி தின்னுற கடல் மீன் ஜாதி, தொட்டிய சொல்லல). அலங்கார மீன் கடையில விக்கிற சீவீட் (கடல்பாசி) ஷீட், இந்த சூஷி நோரி, அத தொட்டி கண்ணாடியில மாட்டுறதுக்கு கிளிப், எல்லாத்தையும் மாத்தி மாத்தி யூஸ் பண்ணியாச்சு, அதத்தான் இங்க எழுதுறேன். கம்பெனிக்காரங்க யாரும் ஓசியில குடுக்கல, எல்லாம் நம்ம காசு.

மொதல்ல தொட்டிய பத்தி சொல்லிடறேன், ஏன்னா அது தெரியாம ரிவ்யூ படிச்சு பிரயோஜனம் இல்ல. 4 அடி நீளம், சுமாரா 270 லிட்டர், பின்னாடி தொங்குற ஸ்கிம்மர் (அழுக்க நுரையா பிரிச்சு எடுக்கிற மெஷின்), ரெண்டு வேவ்மேக்கர் (தண்ணிய ஓட வைக்கிற பம்ப்), ஒரு கிளவுன் மீன் ஜோடி, ஒரு கோபி மீன், அப்புறம் இந்த டேங். பவளம்னு பெருசா எதுவும் இல்ல. டேங் வளக்கிறவங்க மத்தியில இது சின்ன தொட்டிதான், 4 அடிக்கு கம்மின்னா டேங் பக்கமே போகாதீங்கன்னு நானே சொல்லுவேன். சென்னை கொளத்தூர் அலங்கார மீன் மார்க்கெட் போனீங்கன்னா வர்றவங்கள்ல பாதி பேர் கேக்கறது டோரி, மீதி பேர் பவுடர் ப்ளூ, ரெண்டும் டேங்தான். டோரி 30 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், பவுடர் ப்ளூ 20-ஐ தாண்டும், ரெண்டும் நாள் முழுக்க நீந்திக்கிட்டே இருக்கிற ஜாதி, குறைஞ்சது 6 அடி தொட்டி இல்லாம அத வாங்கிட்டு போறது பாவம். கடையில 2 இஞ்சுல அழகா நிக்கும், அத பாத்து ஏமாறக் கூடாது. மஞ்சள் டேங் ஆசை எனக்கும் உண்டு, ஆனா 2021-ல ஹவாயில மீன் பிடிக்கிறத கோர்ட் நிறுத்தினதுல இருந்து அதோட விலை எங்கயோ போயிடுச்சு, தொட்டியிலயே குஞ்சு பொரிக்க வைக்கிறத 2015-லயே ஹவாயில செஞ்சு காட்டிட்டாங்கன்னாலும் விலை இன்னும் நம்ம கைக்கு வரல. ஸ்கோபாஸ் அதுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம், அதே செப்ராசோமா (Zebrasoma) பேரினம், நீள மூக்கு, அதே துடுக்குத்தனம், கலர்தான் காபி பிரவுன். கலர் கம்மிங்கிறதால யாரும் கண்டுக்கறதில்ல, விலையும் கம்மி. நம்ம இந்தியப் பெருங்கடல் மீனும் கூட.

இப்ப ஏன் நோரி? டேங் கடல்ல விடிஞ்சதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும் பாறையில இருக்கிற பாசிய கொறிச்சுக்கிட்டே இருக்கும். பாசியில சத்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் கிடைக்கும், அதனால அதுக்கு நீளமான குடல், சாப்பாடு உள்ள போய்க்கிட்டே இருக்கணும். நம்ம ஆபீஸ் போற அவசரத்துல காலையில ஒரு சிட்டிகை பெல்லட் (குருணை மீன் தீனி), ராத்திரி வந்து ஒரு சிட்டிகைன்னு போட்டா கிளவுனுக்கு அது தாராளம், டேங்குக்கு அது பட்டினி. சைடுல பாத்தா தெரியாது, மீன் நம்மள பாத்து நேரா வரும்போது முன்னாடி இருந்து பாருங்க, வயிறு உள்வாங்கி இருந்தா, தலைக்கு பின்னாடி முதுகு சதை ஒட்டிப் போய் இருந்தா சாப்பாடு பத்தலன்னு அர்த்தம். கடையில மீன் எடுக்கும்போதும் இதையேதான் பாக்கணும், கலர பாக்கறதுக்கு முன்னாடி வயித்த பாருங்க.

பாக்கெட் எடுக்கும்போது பின்னாடி திருப்பி மூலப்பொருள் லிஸ்ட்ட படிங்க. அதுல ஒரே ஒரு ஐட்டம்தான் இருக்கணும், கடல்பாசி, அவ்வளவுதான். இப்ப பசங்க சிப்ஸ் மாதிரி தின்னுற கொரியன் சீவீட் ஸ்நாக்ஸ் குட்டி குட்டி டப்பாவுல வருது பாருங்க, அதுல எண்ணெய், உப்பு, சில சமயம் சர்க்கரை, வசாபி எல்லாம் இருக்கும், அத தொட்டியில போட்டா தண்ணி மேல எண்ணெய் படலம் கட்டி ஸ்கிம்மர் நுரை கட்டறதையே நிறுத்திடும். பக்கத்து பக்கத்து ஹூக்லயே தொங்கும், மாத்தி எடுத்துடாதீங்க. நோரி பாக்கெட்ல பச்சை புள்ளி போட்டிருக்கும், நான் பாத்து சிரிச்சுக்குவேன், எங்க வீட்ல சைவம்னு சொல்லிக்க இந்த டேங் ஒண்ணுதான். அதுவும் முழு சைவம் இல்ல, மைசிஸ்னு குட்டி இறால் மாதிரி தீனி போட்டா கிளவுன தள்ளிவிட்டுட்டு வந்து நிப்பாரு.

மீன் கடை பாக்கெட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் வாங்கின மீன் கடை பாக்கெட் ஒண்ணுல ஷீட் கம்மி, விலை கிட்டத்தட்ட மூணு மடங்கு, வாசனை, கடிச்சா நொறுங்குற பதம் எல்லாம் அச்சா அதேதான் (ஆமா, நான் கடிச்சு பாத்தேன்). பூண்டு வாசனை போட்டது, வைட்டமின் சேத்ததுன்னு சிலது வருது, வைட்டமின் வேணும்னா சொட்டு மருந்தா தனியா வாங்கி நோரி மேல ரெண்டு சொட்டு விட்டு ஊற வச்சா போச்சு. ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும், நோரி காய வச்சப்ப கருஞ்சிவப்பா, ஊதா கலந்து இருக்கும், வறுத்தா அந்த சிவப்பு நிறமி சூட்டுல அழிஞ்சு பச்சையாயிடும். சூஷிக்கு வர்றது எல்லாம் வறுத்தது, வெளிச்சத்துல பிடிச்சு பாத்தா பளிச்னு பச்சை தெரியும். வறுக்கும்போது சில வைட்டமின் போறது உண்மை. மீன் கடையில ஊதா ஷீட் வறுக்காததா கிடைச்சா அதுக்கு கொஞ்சம் கூட குடுக்கலாம், பச்சை ஷீட்டுக்கு மூணு மடங்கு குடுக்கறதுல எந்த நியாயமும் இல்ல.

நான் கத்தரிக்கோல்ல ஒரு ஷீட்ட 8 துண்டா வெட்டி வச்சுக்குவேன். ஒரு ஷீட் 19-க்கு 21 சென்டிமீட்டர், அதனால ஒரு துண்டு சுமார் 5-க்கு 10 வரும், அத ரெண்டா மடிச்சு கிளிப்ல மாட்டணும், மடிக்கலன்னா ரெண்டு கடியில முழுசா பிச்சுக்கிட்டு போயிடும். ஒரு பாக்கெட்ல 80 துண்டு, 350 ரூபாய் பாக்கெட்னாலும் ஒரு துண்டு 5 ரூபாய் கூட ஆகல, ஒரு டீ 15 ரூபாய் விக்கிற ஊர்ல இது என்ன பெரிய காசு. காலையில லைட் போட்டதும் மாட்டிடறேன், பாசிய கவ்வி, ஒரு இழு இழுத்து, தலைய பக்கவாட்டுல வெடுக்குன்னு ஆட்டி கிழிக்கும், கிழிச்சத முழுங்கிட்டு தொட்டிய ஒரு ரவுண்டு போயிட்டு திரும்ப வரும். ராத்திரி மிச்சம் இருந்தா எடுத்துடுங்க, விட்டா கொழகொழன்னு ஆகி துணுக்கு துணுக்கா வேவ்மேக்கர் கிரில்ல போய் அடைச்சுக்கும், பாஸ்பேட்டும் ஏறும், அப்புறம் கண்ணாடியில வேண்டாத பாசி வரும்.

கிளிப்புக்கு வரேன், இங்கதான் எனக்கு கடுப்பு. ரப்பர் கப் வச்ச கிளிப் மலிவு, ஆனா உப்புத்தண்ணியில ரப்பர் சீக்கிரமே விறைச்சு போயிடும், நடுராத்திரி கழண்டு பாறை இடுக்குல விழும், சுடுதண்ணியில போட்டா கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். மேக்னெட் கிளிப் ரெண்டு பாகம், உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு, 10 எம்எம் கண்ணாடி வரைக்கும் நல்லா பிடிக்குது. ஆன்லைன்ல வாங்கின ஒரு கிளிப், பிராண்ட் பேர் சொல்லல, பிளாஸ்டிக் ஒட்டின இடத்துல மெலிசா விரிசல் விட்டு அந்த கோடு வழியா பழுப்பு கலர் கசிய ஆரம்பிச்சுது. இத சாதாரணமா எடுத்துக்காதீங்க. அந்த மாதிரி சக்தி மேக்னெட்டுக்கு மேல நிக்கல், நடுவுல காப்பர், திரும்ப நிக்கல்னு பூச்சு இருக்கும், உப்புத்தண்ணி உள்ள போனா அது கரைஞ்சு தொட்டியில இறங்கும், இறால், நத்தை, பவளம் எதுக்கும் காப்பர் ஆகாது. இப்ப இருக்கிறது தடியா எபாக்சி பசை ஊத்தி மூடினது, பரவால்ல, இருந்தாலும் வாரா வாரம் வெளிய எடுத்து விரல் நகத்தால அந்த ஓரத்த தடவி பாக்கறேன். கிளிப்பே வேணாம்னா ஒரு சின்ன கல்லுல நோரிய சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு கீழ வச்சிடுங்க, செலவே இல்ல.

புதுசா வந்த மீன் நோரிய பாத்து பயந்து ஓடும், அதுக்கு அது சாப்பாடுன்னே தெரியாது. இந்த கல்லு முறை அதுக்குத்தான் ரொம்ப நல்லது, பாறையில பாசி இருக்கிற மாதிரியே தெரியும். தொட்டியில ஏற்கனவே ஒருத்தர் கடிச்சா இன்னும் ஈஸி, என்னோட கிளவுன் சும்மா வந்து ஒரு கடி கடிச்சு துப்பிட்டு போகும், அத பாத்துதான் ஸ்கோபாஸ் தைரியமா வந்துச்சுன்னு நினைக்கிறேன். டோமினி, கோலே மாதிரி டேங் வச்சிருக்கிறவங்க ஏமாந்துடாதீங்க, அதுங்க பல்லு வேற மாதிரி, கண்ணாடியிலயும் பாறையிலயும் படிஞ்ச மெல்லிசான படலத்த சீவி எடுத்து தின்னுற ஜாதி, நோரிய சிலது கடைசி வரைக்கும் பெருசா மதிக்காது. அப்புறம் வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க, ஏன்டா இவ்வளவு செலவு, அரைக்கீரை போடுடான்னு சொல்லுவாங்க. கீரை கடல் மீனுக்கு வயித்த ரொப்பும், கடல் பாசியில இருக்கிற அயோடின், புரதம் அதுல வராது.

இப்ப நோரியால ஆகாததையும் சொல்லிடணும், ஏன்னா சில இடத்துல நோரியும் பூண்டும் குடுத்தா ஒயிட் ஸ்பாட் (ஒட்டுண்ணியால வர்ற வெள்ளைப் புள்ளி வியாதி) போயிடும்னு எழுதறாங்க. போகாது. டேங்குக்கு உடம்பு மேல சளிப் படலம் மெலிசு, ஒயிட் ஸ்பாட் மொதல்ல பிடிக்கிறது இதைத்தான், உடம்பு மேல ரவைய தூவின மாதிரி புள்ளி வரும். சில நாள்ல புள்ளி தானா உதிரும், பூண்டு வேலை செஞ்சுதுன்னு நினைப்போம், உதிர்ந்தது மணல்ல உக்காந்து பெருகி கூட்டமா திரும்ப வரும். மீன தனி தொட்டிக்கு மாத்தி காப்பர் மருந்து வச்சு வைத்தியம் பண்ணணும், டெஸ்ட் கிட் வச்சு அளந்து அளந்து, பெரிய தொட்டிய மீனே இல்லாம 76 நாள் காலியா விடறதுதான் பொதுவா எல்லாரும் சொல்ற கணக்கு. வாங்கின உடனே தனி தொட்டியில வச்சிருந்து அப்புறம் விடறதுதான் புத்திசாலித்தனம். அதே காப்பர் சம்பந்தமா இன்னொன்னு, வீட்டுல குடிக்கிற வாட்டர் பியூரிஃபயர்ல காப்பர் சேக்கிற மாடல் இப்ப நிறைய வருது, அந்த தண்ணிய உப்பு கலக்க எடுக்காதீங்க. வெறும் ஆர்ஓ கூட பத்தாது, பின்னாடி டிஐ ரெசின் (மிச்ச உப்பையும் பிடிக்கிற ஃபில்டர்) வச்சு டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு அளவு, 0 வரணும், நம்ம போர் தண்ணி நிலைமை உங்களுக்கே தெரியும்.

நோரி உதவுற ஒரு வியாதி உண்டு, தலையிலயும் உடம்பு நடுவுல ஓடுற கோட்டுலயும் தோல் அரிச்சு குழி குழியா ஆகும், டேங்குக்கு ரொம்ப சாதாரணமா வர்றது. சத்து குறைவு அதுக்கு ஒரு காரணமா சொல்றாங்க. ஆனா 2011-ல வந்த ஒரு ஆராய்ச்சியில லிக்னைட் கரி போட்ட தண்ணியில வச்ச சர்ஜன் மீனுங்களுக்குத்தான் (டேங்கோட குடும்பம்) இந்த குழி வந்துச்சு, அதனால தண்ணிய சுத்தம் பண்ண கார்பன் (கரி) போடறவங்க தூள் போக நல்லா கழுவிட்டு போடுங்க, நோரி மட்டும் காப்பாத்திடும்னு இருக்காதீங்க. மத்தபடி உப்புத்தண்ணி அடர்த்தி (ஸ்பெசிபிக் கிராவிட்டி) 1.025, வெயில் காலத்துல தண்ணி 27 டிகிரிக்கு மேல ஏறாம சில்லரோ ஃபேனோ, கரண்ட் போனா பேட்டரி ஏர் பம்ப், இதெல்லாம் எல்லா கடல் மீனுக்கும் உள்ளதுதான், தனியா எழுதல. மீன வலையில பிடிக்காதீங்க, வால் அடியில இருக்கிற கத்தி வலையில சிக்கி மீனும் கிழிஞ்சு உங்க கையும் கிழியும், பிளாஸ்டிக் டப்பாவால மொண்டு எடுங்க.

பாக்கெட் பிரிச்சதுக்கு அப்புறம் நம்ம ஊர் காத்துல ஒரு வாரம் வெளிய வச்சா நமத்து போயிடும். வெட்டின துண்டையெல்லாம் டைட்டான டப்பாவுல, பாக்கெட்டோட வந்த சிலிக்கா ஜெல் பையையும் கூடவே போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சுடுவேன்.

மார்க் போடணும்னா சூஷி நோரிக்கு 5-க்கு 4.5, அந்த அரை மார்க் வறுத்ததுக்காக. மேக்னெட் கிளிப்புக்கு 3. மீன் கடை பச்சை ஷீட்டுக்கு 2, அதுவும் சூப்பர் மார்க்கெட்ல ஸ்டாக் இல்லாத அன்னிக்கு மட்டும். வெளிநாட்டுல டேங் வளக்கிறவங்க எல்லாம் கிரேசிலேரியான்னு ஒரு சிவப்பு பாசிய தலையில தூக்கி வச்சு கொண்டாடறாங்க, அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம ராமநாதபுரம் கடற்கரையில எடுக்கிற கஞ்சிப்பாசி அந்த குடும்பம்தான். எனக்கு ஒரு தடவை காஞ்சது கொஞ்சம் வந்துச்சு, மணல் போக கழுவி ஊற வச்சு போட்டேன், நோரிய விட வேகமா காலியாச்சு. மண்டபம், பாம்பன் பக்கம் இருக்கிறவங்க யாராவது இத படிச்சா, மணல் இல்லாம காய வச்ச கஞ்சிப்பாசி சில்லறையா அரை கிலோ ஒரு கிலோ எங்க வாங்கலாம்னு சொல்லுங்க, அதுக்கும் ஒரு ரிவ்யூ போட்டுடறேன்.