தக்கலைப் பக்கம் ஒரு தொழில்கணக்கு வகுப்பு

நான் தச்சு வேலை செய்கிறவன். பத்தாம் வகுப்பு முடித்த மகன் நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற ஊரில் உள்ள ஐடிஐயில் சேர ஆசைப்படுகிறான், ஆனால் கணக்கு என்றால் பயம். அதனால் தக்கலைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளில் எடுக்கும் வகுப்பில் எட்டு வாரம் விட்டேன்.

முதல் நாளே பிள்ளைகளை முற்றத்தில் இறக்கிக் கயிறு பிடிக்க வைத்துவிட்டார். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. நான் கைப்பழக்கமாகச் செய்வதுதான். “அப்பா, இதுதான் பிதாகரஸ் தேற்றம்” என்று மகன் வந்து சொன்னபோது மனசு நிறைந்துவிட்டது. அப்புறம் மரக்கணக்கு. 10 அடி நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குல கனமுள்ள அயினி மர உத்திரம்: மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 1.67 கன அடி. போன வாரம் மரக்கடையில் பில் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டான். கட்டட இரும்புக் கம்பிக்கும் அப்படித்தான்: மில்லிமீட்டரில் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை. 12 மில்லிமீட்டர் கம்பி 0.89 கிலோ.

குறை ஒன்று உண்டு. கோணக் கணக்கை ஒரே சனிக்கிழமையில் முடித்துவிட்டார். ஓட்டுக்கூரைச் சாய்வுக்கும் மாடிப்படிக்கும் அதுதான் உயிர். இன்னும் இரண்டு வாரம் எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கட்டணம் 1,200 ரூபாய். தம்பி மகனையும் அடுத்த அணியில் சேர்க்கிறேன்.