முடிசூட்டா, பதவியேற்பா, அரியணை அமர்த்தலா?

மன்னரை முறைப்படி அரியணையில் அமர்த்துவது மலாய் மொழியில் ‘மெனாபால்கான்’ என்று ஒரே வினையில் முடிந்துவிடுகிறது. கோலாலம்பூரில் தமிழ்ச் செய்தி எழுதுபவருக்குத்தான் தலைவலி. கைக்கு முதலில் வருவது ‘முடிசூட்டு’, அடுத்தது ‘பதவியேற்பு’. என் ஓட்டு ‘அரியணை அமர்த்து’ என்பதற்கு.

மலேசியாவின் தலைமை அரசரான மாமன்னரின் சடங்கில் மகுடம் கிடையாது. அவர் அணிவது தெங்கோலோக் என்ற தலைப்பாகை. அரசுக் கிரிஸை (மலாய்க் குத்துவாள்) ஏந்தி முத்தமிடுவார். ‘மெனாபால்கான்’ என்பதன் வேரான ‘தாபால்’ என்பதும் முரசைக் குறிக்கும் சொல்தான், மகுடத்தை அல்ல. ஆனால் 2015 மார்ச் 23 அன்று ஜொகூர் மாநிலத்தில் அதன் சுல்தான் இப்ராஹிமுக்கு மகுடமே சூட்டினார்கள். அங்கே ‘முடிசூட்டு’ சரி. அவரே 2024 ஜூலை 20 அன்று தேசிய அரண்மனையான இஸ்தானா நெகாராவில் 17ஆவது மாமன்னராக அமர்ந்தபோது அந்தச் சொல் பொருந்தவில்லை.

‘பதவியேற்பு’ தேதியிலேயே இடறுகிறது. அவர் உறுதிமொழி எடுத்துப் பொறுப்பேற்றது 2024 ஜனவரி 31. ஜூலை விழாவை அப்படி எழுதினால், ஐந்து மாதத்துக்கு மேல் மாமன்னராக இருந்தவர் மறுபடி பதவியேற்பதாகிவிடும்.

எல்லாவற்றையும்விட இலக்கணம்தான் முக்கியம். ‘பதவி ஏற்றார்’ என்பதில் இருப்பது ‘ஏல்’, ஏற்பவர் அவரே. ‘அரியணை ஏற்றினார்கள்’ என்பது ‘ஏறு’ என்பதன் பிறவினை. ஏற்றுபவர்கள் வேறு ஆட்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், அவசரத்தில் ‘பதவியேற்றப்பட்டார்’ என்று அச்சேறிவிடும். ‘அமர்’, ‘அமர்த்து’ இணையில் இந்தச் சிக்கல் இல்லை. அவர் அமர்ந்தார், மற்றவர்கள் அமர்த்தினார்கள், அவர் அமர்த்தப்பட்டார்: எந்த வாக்கியத்திலும் யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பது குழம்பாது. முழு வாக்கியத்தில் ‘அரியணையில்’ என்று உருபோடு எழுதுங்கள். தலைப்பில் ‘அரியணை அமர்த்தும் விழா’ போதும்.

குறையும் உண்டு. வக்கீல் அமர்த்துவோம், வேலைக்கு ஆள் அமர்த்துவோம். இடம் போதவில்லை என்று ‘அரியணை’யை வெட்டி, ‘மாமன்னர் அமர்த்தப்பட்டார்’ என்று விட்டால் சம்பளத்துக்கு எடுத்த மாதிரி ஆகிவிடும். பேச்சில் சற்று விறைப்பாக ஒலிக்கும் என்பதும் உண்மைதான். வானொலிக்கு ‘அரியணை அமர்ந்தார்’ என்று தன்வினையில் சொல்வது இலகு.

பினாங்கு ஆளுநருக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். மாமன்னர் நியமிக்கிறார், இவர் பதவிப் பிரமாணம் எடுக்கிறார். ‘நிறுவு’ என்ற சொல்லும் யாருக்கும் உதவாது. அது பத்துமலை முருகன் சிலைக்கு. ஆளை நிறுவ முடியாது.