விடுமுறையில் வந்த இடத்தில் சூடேறிய எஞ்சின்: இரண்டு பட்டறைகள், ஒரு ஃபேன்

நான்கு வார விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, தம்பியின் பொறுப்பில் விட்டுப் போயிருந்த என் பழைய டர்போ கார் ஓவர்ஹீட் ஆகிக் கொண்டிருந்தது. நான் இல்லாத காலத்தில் முன்பம்பருக்குள், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர் ஒன்றைப் பொருத்தி, இடம் போதாததால் காரோடு வந்த ஃபேனைக் கழற்றிவிட்டு மெல்லிய ஃபேன் ஒன்றை ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டி, டர்போ அழுத்தத்தையும் சற்றுக் கூட்டியிருந்தார்கள். எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு எஞ்சினையும் ரேடியேட்டரையும் சுற்றிவரும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால், சக்தியைக் கூட்டுகிறவர் ரேடியேட்டரின் சுமையையும் கூட்டுகிறார். அதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

முதலில் போன பட்டறையில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்ததும், எஞ்சின் கொதித்துக் கொண்டிருக்கும்போதே, உதவியாளர் ஒருவர் ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். ஆவியும் சுடுநீரும் பானெட்டின் உள்பக்கம் வரை பீய்ச்சியடித்தன, அவர் கை தப்பியது அதிர்ஷ்டம்தான். அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்து அழுத்தம் விட்ட கணமே கொதித்து எழும் என்பதை அந்தப் பட்டறையில் அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு வாட்டர் பம்பை மாற்றினார்கள், வெப்பத்துக்கேற்ப கூலன்ட்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு "இனிமே சூடே ஏறாது சார்" என்றார்கள், வெறும் தண்ணீரை ஊற்றி மூடினார்கள். திரும்பி வரும் வழியிலேயே டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் களகளவென்று உருளும் ஓசை கேட்டது. ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றே வந்தது. குழாய்களுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது, அதை வெளியேற்றாமலே மூடிவிட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் மெக்கானிக்குகளிடம் ஊறிப்போன பழக்கம். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய வெப்பத்தை எட்ட வெகுநேரம் பிடிக்கும், காரின் கம்ப்யூட்டரும் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணிக் கூடுதலாகப் பெட்ரோலைப் பாய்ச்சும், நோயோ அப்படியே இருக்கும்.

இரண்டாவது பட்டறைக்காரர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "எப்ப சூடாகுது?" என்பதுதான். நின்றபடி ஓடும்போது மட்டும் சூடேறினால் ஃபேனையும், அதற்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயையும் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பையோ, உறிஞ்சும் விசையில் உள்வாங்கிச் சப்பிப்போகும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸையோ சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும் என்பது அவருடைய வரிசை. எங்கள் கார் இவற்றில் எதிலும் அடங்கவில்லை. நின்றால் மெதுவாக ஏறியது, நெடுஞ்சாலையில் அடங்கியது, 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால்தான் விறுவிறுவென்று ஏறியது.

அவர் முதலில் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கினார். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் நிரப்பிய குழாயை வைத்து உள்ளிருக்கும் காற்றை அதன் வழியே இழுத்தார். எஞ்சினுக்குள் எரிந்த வாயு கூலன்ட்டில் கசிந்திருந்தால் திரவம் மஞ்சளாகியிருக்கும், எங்களுக்கு நீலமாகவே நின்றது. அடுத்து, டேஷ்போர்டு முள்ளை நம்பாமல் காரின் கம்ப்யூட்டரிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார். பல கார்களில் அந்த முள் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், அது நகரத் தொடங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஸ்கேனரில் 95 டிகிரியில் ஃபேன் ஓடத் தொடங்கியது தெரிந்தது. ஊர்ந்தபடி ஓட்டிப் பார்த்தால், ஃபேன் ஓடத் தொடங்கிய பிறகுதான் வெப்பம் முன்னைவிட வேகமாக ஏறியது.

அவர் சிரித்துவிட்டு ஒரு செய்தித்தாள் பக்கத்தைக் கேட்டார். பம்பரைக் கழற்றி, ஃபேன் ஓடும்போது ரேடியேட்டரின் முன்பக்கத்தில் அந்தத் தாளைப் பிடித்தார். ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் அவர் கையை நோக்கிப் படபடத்து விலகியது. இத்தகைய ஃபேன்களை ரேடியேட்டரின் எந்தப் பக்கத்திலும் பொருத்தலாம், ஆனால் பக்கத்துக்கேற்ப இறக்கையைத் திருப்பி வயர்களையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். எங்கள் காரில் பொருத்தியவர் வயர்களை மட்டும் தலைகீழாக இணைத்திருந்தார். நின்றிருக்கும்போது பின்னாலிருந்து தள்ளப்பட்ட காற்று ஓரளவாவது உதவியது, ஊரும்போது எதிர்க்காற்றும் ஃபேன் காற்றும் ஒன்றையொன்று தடுத்து ரேடியேட்டருக்குள் காற்றே நகரவில்லை, வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று வென்றது. மூன்று வாரமாகப் புரியாமல் இருந்த நடத்தை முழுவதும் இரண்டு வயர்களில் அடங்கியிருந்தது.

வயர்களை மாற்றி, 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தி, கூலன்ட்டையும் சுத்திகரித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றி, காரின் முன்பக்கத்தை உயர்த்தி வைத்துக் குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினார். வெறும் நீர் வெப்பத்தைக் கடத்துவதில் குறைந்ததல்ல, சொல்லப்போனால் மேலானதுதான். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் கூலன்ட்டின் வேலை.

ஊரும்போது 92ஐத் தாண்டாத வெப்பம், டர்போ முழு அழுத்தத்தில் நீண்ட மேட்டில் ஏறும்போது மட்டும் இன்னும் 106 வரை போனது. இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் நான்கு விரல் நுழையும் இடைவெளி இருந்ததால், உள்ளே வந்த காற்று ரேடியேட்டரைத் துளைக்காமல் பக்கவாட்டில் நழுவிக் கொண்டிருந்தது. அலுமினியத் தகட்டை வெட்டி இருபுறமும் மேற்புறமும் அடைத்து, ஓரங்களில் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினார். அதே மேட்டில் மறுநாள் 98க்கு மேல் போகவில்லை. பெரிய ரேடியேட்டர் வாங்கலாமா என்று நான் கேட்டதற்கு, இருக்கிற ரேடியேட்டருக்கு முதலில் காற்று போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

முதல் பட்டறையில் கழற்றிக் கொடுத்த பழைய வாட்டர் பம்ப் டிக்கியில் கிடந்தது. அதைக் கையில் வாங்கி அச்சைச் சுழற்றி, ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தவர், "நல்லாதானே இருக்கு, பத்திரமா வைங்க" என்று தம்பியிடம் கொடுத்தார்.