தேவாலய இசையில் முதுகலை: இரண்டு வருஷம் கொடுக்கத் தகுமா?

ஆர்கன் பட்டத்தின் இலகுவான வடிவம் என்று நினைத்து இதில் சேர்ந்தால் முதல் செமஸ்டரிலேயே மூச்சு முட்டும். கச்சேரிக்கு ஒரே உருப்படியை ஆறு மாதம் தேய்க்கலாம். சபையில் வாராவாரம் நாலைந்து பாமாலை, ஒரு ஆந்தம் (பாடகர் குழு பாடும் பாட்டு), முன்னிசை, பின்னிசை எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இந்த வாரச் சுமையைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரும் படிப்புக்கே என் மதிப்பெண்.

பட்டத்தின் பெயரே பாதியைச் சொல்லிவிடும். அமெரிக்காவில் எம்.எம். (மாஸ்டர் ஆஃப் மியூசிக்) என்றால் இசைப் பள்ளி தருவது. வாத்தியமும் ரிசைட்டலும் (தனிக் கச்சேரி) முன்னால் நிற்கும். எம்.எஸ்.எம். (மாஸ்டர் ஆஃப் சேக்ரட் மியூசிக்) என்றால் பெரும்பாலும் வழிபாட்டியலுக்கும் பாமாலை வரலாற்றுக்கும் கூடுதல் இடம். 1973 முதல் யேல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் இன்ஸ்டிடியூட் ஆஃப் சேக்ரட் மியூசிக்கில் இசை மாணவர்களும் இறையியல் மாணவர்களும் சேர்ந்தே படிக்கிறார்கள். ஜெர்மனியில் இளங்கலைக்கு 'பி', முதுகலைக்கு 'ஏ' என்று தரம் பிரித்திருக்கிறார்கள். வழிபாட்டு ஆர்கன், இம்ப்ரோவைசேஷன் (அந்த நேரத்திலேயே கற்பனையில் வாசிப்பது), ஃபிகர்டு பேஸ் (அடிக்குரலோடு எழுதிய எண்களைப் பார்த்து மற்றக் குரல்களை நிரப்புவது), குவாயர் என்னும் பாடகர் குழுவையும் ஆர்க்கெஸ்ட்ராவையும் நடத்துதல் என்று எதிலும் தப்பிக்க முடியாது. வேலைக்கான பயிற்சி என்று பார்த்தால் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் ஜெர்மன் மொழி கைவசம் இல்லாமல் அங்கே கால் வைக்க வேண்டாம்.

சேர்க்கையில் பலர் சறுக்குவது குவாயர் வீடியோவில். அழகான கச்சேரிப் பதிவை அனுப்புவார்கள். பள்ளி பார்க்க விரும்புவது ஒத்திகையை. ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) அரைச் சுரம் இறங்கியது காதில் விழுந்ததா, அதை எத்தனை வார்த்தையில் திருத்தினீர்கள் என்பதே கேள்வி. கேமராவைப் பாடகர்களுக்குப் பின்னால் வையுங்கள். நடத்துபவரின் முகமும் கையும் தெரியாத வீடியோ வீண்.

பாமாலை வாசிப்பைச் சின்ன விஷயம் என்று விடுபவர்களும் உண்டு. சோப்ரானோவில் (மேல்குரல்) ஒரே சுரம் இரண்டு தடவை வந்தால் விரலை எடுத்துத் திரும்ப அடிக்க வேண்டும். ஆல்ட்டோவிலும் டெனரிலும் (ஆண்களின் மேல்குரல்) வந்தால் பெரும்பாலும் விரலை எடுக்காமல் கட்டிவிடலாம். எல்லாக் குரலையும் எடுத்து எடுத்து வாசித்தால் தந்தி அடிப்பது போலிருக்கும், எல்லாவற்றையும் கட்டினால் சபைக்குத் தாளம் பிடிபடாது. வரி முடிவில் மூச்சுக்கான நேரத்தைக் கடைசிச் சுரத்திலிருந்தே கழிக்க வேண்டும். தாளத்தோடு கூட்டக் கூடாது. பெரிய கட்டடத்தில் இன்னொரு சங்கடம். ஒலி 34 மீட்டர் போகவே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும்; பின்வரிசைக்குப் போய், அங்கிருந்து பாட்டாகத் திரும்பி வர அதைப் போல இரண்டு மடங்கு. அந்தக் குரலுக்காகக் காத்தால் சரணத்துக்குச் சரணம் வேகம் விழும். இதையெல்லாம் தனி வகுப்பாக, மாணவரைப் பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்லித் தராத படிப்புக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

ஆடிஷனுக்கு முன் பெடலை, அதாவது காலால் வாசிக்கும் கட்டைகளைப் பற்றி விசாரியுங்கள். அமெரிக்க அளவு 32 கட்டை, குழிவாக விசிறி போல விரியும். ஜெர்மன் ஆர்கன்களில் 30 கட்டை, தட்டையாக, நேர்வரிசையில் இருப்பது சகஜம். ஒன்றில் பழகிய கால் மற்றதில் இரு ஓரங்களிலும் தவறும். ஆடிஷனுக்கு முந்தின நாளே அந்த ஆர்கனில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

சேர்ந்ததும் இசைக் கோட்பாட்டிலும் வரலாற்றிலும் தகுதித் தேர்வு வைக்கும் பள்ளிகள் உண்டு. தவறினால் ஈடுகட்டும் பாடம் எடுக்க வேண்டும். அது பொதுவாகப் பட்டத்தின் கிரெடிட்டில் சேராது, செமஸ்டர் நீளும். முனைவர் பட்ட மாணவர்கள் நிறைய இருக்கும் இடத்தில் முதுகலைக்காரருக்குக் குவாயர் முன் நிற்க வாரத்துக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்றும் கேளுங்கள். மழுப்பினால் பதில் தெரிந்துவிட்டது.

பெரிய குறை, வேலையில் தினமும் தலையிடிக்கும் சங்கதிகள் பாடத்தில் குறைவு: மைக், பட்ஜெட், காப்புரிமை. பாட்டு வரிகளை அச்சடிக்க எடுத்த உரிமம் நேரலைக்குச் செல்லாது என்பது பலருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

ஏற்கெனவே சபையில் ஆர்கன் வாசிப்பவருக்குத் தேவை திறமைக்கு ஒரு சான்று மட்டும் என்றால், 1896-இல் தொடங்கிய, ஆர்கன் வாசிப்பவர்களின் சங்கமான அமெரிக்கன் கில்ட் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸின் தேர்வுகள் இருக்கின்றன. சர்வீஸ் பிளேயிங்கில் (வழிபாட்டு வாசிப்பு) ஆரம்பித்து உச்சமான ஃபெலோ வரை படிகள். வேலையை விடாமலே எழுதலாம்.